திருச்சி: தீபாவளிக்கு முன் தரைக்கடைகளுக்கு இடம் கேட்போம், கடன் மட்டும் போதாது

மலைக்கோட்டை வாசி | 8 செப்டம்பர் 2025

நவராத்திரி இந்த மாதம் 22-ல் தொடங்குகிறது. அக்டோபர் 1 ஆயுத பூஜை, 20 தீபாவளி. என்.எஸ்.பி. ரோடு, பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி, நந்தி கோயில் தெரு, மெயின் கார்டு கேட் பக்கம் தரையில் கடை போடுகிறவர்களுக்கு வருடத்தின் பெரிய வருமானம் இந்த ஆறு வாரத்தில்தான். இதே ஆறு வாரத்தில்தான் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற செய்தியும் வரும். எடுப்பார்கள், மறுநாள் பாய் விரிப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். வியாபாரிக்கும் நிம்மதி இல்லை, மாநகராட்சி ஊழியருக்கும் இல்லை, நடந்து போகிறவருக்கும் வழி கிடைப்பதில்லை.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தை மத்திய அரசு போன மாதக் கடைசியில் 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறது. முதல் தவணைக் கடன் 10,000-லிருந்து 15,000 ஆகிவிட்டது. இரண்டாவது 20,000-லிருந்து 25,000. மூன்றாவது பழையபடி 50,000. இரண்டாவது கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு யு.பி.ஐ.யோடு இணைந்த ரூபே கிரெடிட் கார்டும் உண்டு. அடமானம் எதுவும் வேண்டாம்.

நல்ல செய்தி, மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த 15,000-க்குச் சரக்கு எடுத்து வந்த பிறகு எங்கே உட்காருவது? ஒரு கை கடன் கொடுக்கிறது, இன்னொரு கை கடையைத் தூக்குகிறது. தூக்கிய அன்றே அந்தக் கடன் சுமையாகிவிடுகிறது. 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் முதலில் பேசுவது இடத்தைப் பற்றித்தான். நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

மக்களிடம் மனு வாங்கும் தமிழக அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் ஜூலை 15-லிருந்து நடக்கின்றன, நவம்பர் வரை தொடரும். நகரப் பகுதி முகாமில் 13 துறைகள், 43 சேவைகள். கொடுக்கும் மனுவுக்கு 45 நாளில் தீர்வு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மனு கொடுத்துக் கரைந்து போகாமல், ஒரு தெருவில் உட்காருகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் என்ன? தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர், தெருவில் விற்க அனுமதி தரும் விற்பனைச் சான்றிதழ், கோடு போட்டு ஒதுக்கிய இடம். இந்த மூன்று மட்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பாலக்கரை ஜவுளிக்கடை | 8 செப்டம்பர்

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். நான் வாடகை கட்டுகிறேன். சொத்து வரி உயர்ந்தால் அது வாடகையில் ஏறி என் தலையில்தான் விழுகிறது. தொழில் உரிமம், தொழில் வரி, மின் கட்டணம், வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தீபாவளி போனஸ், எல்லாம் என் பொறுப்பு. பண்டிகை வந்ததும் என் கடைப் படிக்கட்டை ஒட்டி, நான் விற்கிற அதே நைட்டியும் லெக்கிங்ஸும் குவித்துப் போட்டால் நான் என்ன செய்வது?

ஒரு நல்லது நடந்திருக்கிறது. 22-ம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரையான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி. இதுவரை 1,000 ரூபாயைத் தாண்டினாலே 12. நடுத்தரக் குடும்பங்கள் வாங்குவது பெரும்பாலும் அந்த விலைக்குள்தான் இருக்கும், அதனால் எங்களுக்கும் இந்தத் தீபாவளி கொஞ்சம் தெம்பு. தரைக்கடைக்காரர் பிழைக்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என் வாசலை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தெப்பக்குளம் தெரு | 8 செப்டம்பர்

நடப்பவர்களைப் பற்றியும் யாராவது பேசுங்கள். எனக்கு முட்டி வலி. மெயின் கார்டு கேட்டில் இறங்கி நந்தி கோயில் தெரு வழியாக வீட்டுக்கு வருவதற்குள், ஒரு பக்கம் பைக், ஒரு பக்கம் கடை, நடுவில் ஆட்டோ. பண்டிகைக் கூட்டத்தில் யாருக்காவது மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி இருக்கிறதா?

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். என் பூ, பழம், கோலமாவு, கொலுவுக்கு வேண்டிய சின்னப் பொம்மை எல்லாம் அந்தத் தரைக்கடைகளில்தான் வாங்குகிறேன். சிங்காரத்தோப்பு பூம்புகாரில் கொலுக் கண்காட்சியை ஆசையோடு பார்த்துவிட்டு வருவேன். செட்டியார் கடைப் பொம்மையும் காய்கறிப் பொம்மையும் வாங்குவது தெருவில்தான். அவர்கள் இல்லாத தெரு எனக்கு வேண்டாம். நடக்க ஆறு அடி விட்டால் போதும்.

ஓய்வுபெற்ற எழுத்தர் | 9 செப்டம்பர்

உள்ளாட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் (திருச்சியில் அல்ல, வேறொரு ஊரில்). சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் இந்த விவாதத்தில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

முதலில் பிரிவு 3(3). கணக்கெடுப்பு முடிந்து, அதில் வந்த எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை எந்தத் தெருவோர வியாபாரியையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது. கணக்கெடுப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். அடுத்தது பிரிவு 18. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பிரிவு 19, பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றே, மற்றவை இரண்டு வேலை நாளுக்குள், கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். சான்றிதழின் நிபந்தனைப்படி வியாபாரம் செய்கிறவரை யாரும், போலீஸ் உட்பட, தடுக்கக் கூடாது என்பது பிரிவு 27.

இவ்வளவு பாதுகாப்பும் ஒரு குழுவைச் சுற்றித்தான் சுழல்கிறது: நகர விற்பனைக் குழு. ஆணையர்தான் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துப் போலீஸ், வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பாலக்கரைத் தம்பி சொல்லும் வாசல் பிரச்சினையையும் தெப்பக்குளம் அம்மா கேட்கும் ஆறு அடியையும் பேச வேண்டிய மேசை அதுதான். எந்தத் தெருவில் முழுக்க அனுமதி, எங்கே நேரக் கட்டுப்பாடு, எங்கே கூடவே கூடாது என்று பிரிப்பதும் அந்தக் குழுவின் ஆலோசனையோடுதான்.

எத்தனை பேருக்கு இடம் ஒதுக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. மக்கள்தொகையில் 2.5 சதவீதம். திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-லேயே 8.4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டால் 21,000 பேர். மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள நாலு தெருவில் இத்தனை பேரை உட்கார வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 65 வார்டுகளிலும் இடம் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த எண் சொல்லும் செய்தி.

அப்புறம் ஒன்று. 50 வருடத்துக்கு மேல் இயற்கையாகவே சந்தை நடந்து வரும் இடத்தைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே உள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. மலைக்கோட்டை அடிவாரத்துக்கும் காந்தி மார்க்கெட் சுற்றுக்கும் இதைக் கேட்காவிட்டால் வேறு எதற்குக் கேட்பது?

பூக்காரர் மகள் | 9 செப்டம்பர்

என் அம்மா பூ விற்கிறார். ஐயா சொன்ன பறிமுதல் விஷயம் எங்கள் குடும்பத்தில் நடந்திருக்கிறது, திருச்சியில் இல்லை, சித்தி இருக்கும் ஊரில். கூடையோடு எடுத்துப் போனார்கள். பட்டியல் எதுவும் தரவில்லை. சித்தி அலைந்து திரிந்து வாங்கியபோது பூ கறுத்துப் போயிருந்தது. 'அன்றே திருப்பித் தர வேண்டும்' என்று சட்டமே சொல்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியாது. அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் நின்று கேட்டிருப்போம்.

கடன் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மா காலம் முழுக்க தண்டல் வாங்கித்தான் வியாபாரம் செய்தார். ஆயிரம் என்று சொல்லித் தொள்ளாயிரம் கொடுப்பார்கள், தினமும் பத்து ரூபாய் என்று நூறு நாள் வசூல். மழை பெய்தாலும் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தப் பத்து ரூபாய் போயாக வேண்டும். ஸ்வநிதியில் முதல் கடன் வந்த பிறகுதான் அதிலிருந்து வெளியே வந்தோம். பன்னிரண்டு மாதத் தவணை, சரியாகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் ஏறும். கியூஆர் அட்டையில் பணம் வாங்கினால் அதற்கும் ஊக்கத்தொகை, இப்போது 1,600 ரூபாய் வரை என்று அறிவித்திருக்கிறார்கள்.

அக்காமார் யாராவது புதிதாக விண்ணப்பிப்பதாக இருந்தால் முதலில் ஆதாரில் உள்ள செல்போன் எண் இப்போது கையில் இருக்கும் எண்தானா என்று பாருங்கள். எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அங்கேதான் சிக்கியது. அடையாள அட்டையோ சான்றிதழோ இல்லாதவர்கள் மாநகராட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கியும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கிளையில் 'அப்புறம் வாங்க' என்று சொன்னால் மாநகராட்சியின் வாழ்வாதாரப் பிரிவில் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். 17-ம் தேதியிலிருந்து அக்டோபர் 2 வரை நாடு முழுக்க இதற்கு லோக் கல்யாண் மேளா என்று தனி முகாம் நடத்தப் போகிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

மத்திய பேருந்து நிலையம் டீக்கடை | 10 செப்டம்பர்

பெரிய கடை வீதியைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். ஜூலை 16-லிருந்து வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புதிய பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டன. ஊர் பெரிதாகும்போது பேருந்து நிலையம் வெளியே போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இங்கே டவுன் பஸ் மட்டும்தான். ராத்திரி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தை நம்பித்தான் டீ, இட்லி, பழம், வாட்டர் பாட்டில், துண்டு, பூட்டு எல்லாம் விற்றது. டவுன் பஸ்ஸில் போகிறவர் நின்று சாப்பிட மாட்டார், வீட்டுக்கு ஓடுவார்.

கூடை தூக்கி விற்றவர்களில் சிலர் பஞ்சப்பூர் போய்ப் பார்த்தார்கள். உள்ளே ஏலம் எடுத்த கடைகள் இருக்கின்றன, கூடைக்காரருக்கு வேலை இல்லை. இவ்வளவு பெரிய நிலையம் கட்டும்போது அதைச் சுற்றி விற்பனைக்கு ஒரு பகுதியையும் வரைபடத்திலேயே குறித்திருந்தால் பழைய இடத்தில் பிழைத்தவர்களுக்கு அங்கே முதல் உரிமை கொடுத்திருக்கலாம். இப்போதும் காலம் கடக்கவில்லை. மனுவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணிகண்டம் ரோடு | 10 செப்டம்பர்

இடம் மாற்றுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பக்கம் கள்ளிக்குடியைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். காந்தி மார்க்கெட் நெரிசலைக் குறைக்க மதுரை நெடுஞ்சாலையில் சுமார் 77 கோடி ரூபாயில் காய்கறி, பழம், பூ வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். மொத்த வியாபாரிகள் வரவில்லை. கடை சின்னது, லாரி நிறுத்திச் சரக்கு இறக்க வசதி போதாது, ஊரிலிருந்து தூரம், சில்லறை வாங்குகிறவர் அவ்வளவு தூரம் வர மாட்டார் என்று அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள். கட்டுவதற்கு முன் உட்கார்ந்து கேட்டிருந்தால் கட்டடத்தின் அளவே வேறாக இருந்திருக்கும்.

சென்னை நொச்சிக்குப்பத்தில் நடந்தது வேறு. லூப் ரோட்டில் மீன் கடைகளை 2023 ஏப்ரலில் அகற்றப் போய்ப் பெரிய போராட்டம் ஆனது. பிறகு அதே இடத்தில், குப்பத்தை ஒட்டியே, 366 கடைகளோடு மீன் அங்காடி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அங்கேயும் குறைகள் இருக்கலாம். ஆனால் மீன் வாங்க வருகிறவர் வழக்கமாக வரும் பாதையிலேயே கடை இருக்கிறது. அடுத்த பாதையில் கொடுத்தால்கூட வியாபாரம் பாதியாகிவிடும். இதை வியாபாரம் செய்கிறவர் எல்லோரும் அறிவார்கள்.

பாலக்கரை ஜவுளிக்கடை | 10 செப்டம்பர்

எழுத்தர் ஐயா எழுதியதை எங்கள் சங்க ஆட்களிடம் படித்துக் காட்டினேன். விற்பனைக் குழுவில் எங்களுக்கும் இடம் உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தி. எங்கள் பேச்சில் வந்ததை இங்கே வைக்கிறேன். கடை வாசலுக்கு நேராக யாரும் உட்காரக் கூடாது. இரண்டு கடை வாசலுக்கு நடுவில் உள்ள சுவர்ப்பகுதியில் உட்காரலாம், ஆழம் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. பதிலுக்கு நாங்களும் எங்கள் கடைப் பொம்மைகளையும் ஸ்டாண்டுகளையும் நடைபாதையில் வைக்க மாட்டோம். இதையும் சொல்லியாக வேண்டும்: நடைபாதையைப் பிடித்திருப்பதில் பெரிய கடைகளின் பங்கும் கணிசம். தரைக்கடையை மட்டும் எடுத்துவிட்டு எங்கள் ஸ்டாண்டை விட்டால் அது நியாயமில்லை.

தெப்பக்குளம் தெரு | 11 செப்டம்பர்

தம்பி, இதைக் கேட்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இருசக்கர வண்டி நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகை வாரங்களில் மாலை 4-லிருந்து இரவு 10 வரை என்.எஸ்.பி. ரோட்டில் வண்டியே விடக் கூடாது. இது இல்லாமல் ஆறு அடியும் நிற்காது, மூன்றடியும் நிற்காது.

பொறியியல் மாணவி | 11 செப்டம்பர்

நானும் தோழிகளும் மனு எழுதவும் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பவும் உதவ முடியும். ஞாயிறு (14-ம் தேதி) காலை 10 மணிக்குத் தெப்பக்குளம் அஞ்சலகம் பக்கத்தில் இருப்போம். ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு புகைப்படம், பழைய அடையாள அட்டை இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றே தெருவை அளந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வரைபடமும் போடலாம் என்று நினைக்கிறோம். படத்தோடு கொடுக்கும் மனுவை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு தகவல். சின்ன அளவில் விற்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதும். இதற்கு இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்களே பதிவு செய்து தருகிறோம். தற்காலிகப் பட்டாசுக் கடை போட நினைப்பவர்கள் உரிமத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். கடைக்கும் கடைக்கும் 3 மீட்டர் இடைவெளி வேண்டும், எதிரெதிரே இருக்கக் கூடாது, வீடு போன்ற கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடத்தை முதலில் அளந்து பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

மலைக்கோட்டை வாசி | 12 செப்டம்பர்

எல்லோருக்கும் நன்றி. மனுவின் சாரத்தை இப்படி வைக்கலாமா என்று பாருங்கள். கணக்கெடுப்பில் விடுபட்டவர்களைச் சேர்க்க வேண்டும், சேர்த்த எல்லோருக்கும் சான்றிதழ் தர வேண்டும். அதுவரை 3(3)-ஐ மதித்து யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவைக் கூட்டி, பாலக்கரை நண்பர் சொன்ன அளவையும் தெப்பக்குளம் அம்மா சொன்ன நேரத்தையும் வைத்துத் தீபாவளிக்கு முன் தரையில் வெள்ளைக்கோடு போட வேண்டும். பஞ்சப்பூரில் விற்பனைப் பகுதி ஒன்றைக் குறிக்க வேண்டும். மலைக்கோட்டை சுற்றையும் காந்தி மார்க்கெட்டையும் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும்.

முகாமில் ஒரு பிரதி, ஆணையருக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று. கவுன்சிலர்களிடமும் கொடுப்போம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் முதல்முறையாக, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடியது நினைவிருக்கும். நம் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று கேட்டு, அதிலும் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்ல வேண்டும். பகுதி சபைக்கு நாற்பது பேர் போய் உட்கார்ந்தால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மதிப்பு வரும்.

கைத்தொழில் செய்து விற்கிறவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தையும் பாருங்கள். 25 வகைத் தொழில்கள், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை, மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கிடைக்கும்.

மத்திய பேருந்து நிலையம் டீக்கடை | 12 செப்டம்பர்

எங்கள் பக்கமிருந்து கையெழுத்து வாங்கி ஞாயிறு கொண்டுவருகிறேன். ஒரு சந்தேகம் ஐயா. கணக்கெடுப்பில் கணவர் பெயர் இருக்கிறது, அவருக்கு உடம்பு முடியவில்லை, கடையில் மனைவி உட்காருகிறார். இப்படி நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் சான்றிதழ் செல்லுமா?

ஓய்வுபெற்ற எழுத்தர் | 12 செப்டம்பர்

செல்லும். பிரிவு 5-ன்படி, தானோ தன் குடும்பத்தினர் மூலமோ வியாபாரம் செய்வதாகத்தான் உறுதிமொழியே எழுதித் தருகிறோம். மனைவி உட்காருவதில் தவறில்லை. சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடியாமல் போனாலோ, அதன் காலம் முடியும் வரை முதலில் கணவன் அல்லது மனைவி, அடுத்து அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளை தொடரலாம். வெளியாளுக்கு வாடகைக்கு விடுவதும் கைமாற்றுவதும் மட்டும் கூடாது. விட்டால் சான்றிதழ் போய்விடும். அந்த நாலைந்து பேரையும் ஞாயிறு வரச் சொல்லுங்கள், கணவரின் மருத்துவச் சீட்டின் நகலையும் எடுத்து வரட்டும்.